புதுப் பங்கும் பழைய பங்காளியும்

புக்கிட் செந்தோசாவில் நாம் நால்வர், ஆளுக்கு 25 பங்கு போட்டு லாரிக் கம்பெனி தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூவரும் கூடி 100 புதுப் பங்குகளைத் தங்களுக்கே ஒதுக்கிக்கொண்டால் நம் கால்பங்கு அரைக்காலாகிவிடும்.

நீலகிரி கேத்தியில் ஊசி செய்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் இப்படியொரு வழக்கு எழுந்தது. அந்நியர் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டியிருந்த காலம். 1977-இல் 16,000 புதுப் பங்குகள் வெளியாயின. இங்கிலாந்துக் கம்பெனிக்கு உரிய 9,495 பங்குகளுக்கான கடிதம் பிந்திச் சேர்ந்தது. எல்லாம் இந்தியப் பங்குதாரர்களுக்கே போயின. ஒதுக்கீடு செல்லும், ஆனால் 8,54,550 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தபாலில் காட்டிய சாமர்த்தியம் நமக்கு உவப்பாயில்லை.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, இருக்கும் விகிதத்தில் எல்லாருக்கும் கொடுத்தாலன்றி, புதுப் பங்கு ஒதுக்க உறுப்பினர் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அந்தத் தாள் கையொப்பத்துக்கு வந்தால், பிள்ளைகள் படித்துச் சொன்ன பிறகே பேனாவை எடுப்போம்.