நிவாரணப் பணமும் நம் கணக்குப் புத்தகமும்

(ஆரம்ப சுகாதார நிலைய, துணை சுகாதார நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சி முகாமில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



தடுப்பூசி, தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், இரண்டு பிரசவங்களுக்கு நடுவே இடைவெளி என்று எத்தனையோ பொருள்களைப் பற்றி இந்த வரிசையில் படித்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது கொஞ்சம் வறண்ட விஷயம். அரசாங்கம் நமக்குத் தருகிற பணம், அதற்கு நாம் எழுத வேண்டிய கணக்கு, அந்தக் கணக்கைப் பார்க்க வருகிற தணிக்கை. "அது கிளார்க் வேலையாச்சே, எங்களுக்கு எதுக்கு சார்?" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. செலவு செய்வது யார்? நீங்கள்தானே. அப்படியானால் கணக்கும் உங்களுடையதுதான்.

மார்ச் மாதக் கடைசியில் பாஸ் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். திருடியவர் கணக்கைப் பார்த்து வருகிற வருத்தம் அல்ல, அப்படிப்பட்டவர்கள் சிலரே. ஏப்ரலில் வந்த பணம் மார்ச் வரை தொடாமல் கிடக்கும் கணக்கைப் பார்த்துத்தான் வருத்தம். கேட்டால், "பணம் இருக்கு சார், எடுக்கத்தான் பயமா இருக்கு. நாளைக்கு ஆடிட்டர் வந்து ஏதாவது கேட்டா யார் பதில் சொல்றது?" என்பார்கள். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் துணை சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக்குத் திரைச்சீலை இல்லை. குழாய் ஒழுகுகிறது. இரவில் உதிரப்போக்கோடு வந்த தாயின் வீட்டார் வண்டி வாடகைக்குத் தெருவில் கடன் கேட்டிருக்கிறார்கள். பணமோ வங்கியில் பத்திரமாகத் தூங்குகிறது. செலவழிக்காத பணத்தைப் பற்றித் தணிக்கையும் கேட்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. 2013-இல் அது தேசிய சுகாதார இயக்கத்தின் ஒரு பகுதி ஆயிற்று. தொடங்கும்போதே ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு ரூ.10,000 என்று ஒரு தொகை வைத்தார்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கும் அப்படியே ஒரு ரூ.10,000. இதற்குக் கட்டற்ற நிதி என்று பெயர். கிராம சுகாதார செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுப்பதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு தொகைகள் மாறின. பணம் வரும் வழியும் மாறியது. 2021 ஜூலை முதல் மத்திய அரசுத் திட்டப் பணம் மாநிலத்தில் ஒரே முதன்மைக் கணக்கில் இருந்து, கீழே உள்ளவர்களுக்குச் செலவு வரம்பாக மட்டும் காட்டப்படும் முறை வந்தது. வழி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: எதற்கு, எப்போது, யாருக்கு, எவ்வளவு?

"கட்டற்ற" என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். கட்டு இல்லாத மாடு என்றால் யார் தோட்டத்திலும் மேயலாம் என்று அர்த்தமில்லையே! விதிமுறையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். திரைச்சீலை, குழாய் பழுது, பல்பு போன்ற சிறு வேலைகள், பிரசவத்துக்குப் பிறகு இடத்தைச் சுத்தம் செய்யக் கூலி, பஞ்சு, கட்டுத்துணி, பிளீச்சிங் பவுடர், கொள்ளைநோய்க் காலத்தில் மாதிரி எடுத்து அனுப்பும் செலவு, கிராமத் துப்புரவு ஆகியவற்றுக்குச் செலவு செய்யலாம். சம்பளம், வாகனம் வாங்குவது, மாதாமாதம் வரும் தொடர் செலவு, ஊராட்சியின் சொந்தச் செலவு ஆகியவற்றுக்குக் கூடாது. பொது நன்மைக்குத்தான் செலவு. தனி ஒருவர் தேவைக்கு இல்லை. அதற்கும் ஒரு விலக்கு உண்டு: அவசர நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வண்டிச் செலவு. தனி ஒருவருக்கென்றாலும் இது செல்லும். இந்த ஒரு வரியை மட்டுமாவது எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் உயிரே அதில் தொங்கலாம்.

சரி, அந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். 108-க்குப் போன் செய்தாயிற்று, வண்டி வேறு ஊரில் இருக்கிறது. பக்கத்துத் தெரு ஆட்டோவைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். ஆட்டோக்காரரிடம் அச்சடித்த பில் எங்கே இருக்கும்? "பில் இல்லாமல் பணம் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமே" என்று அங்கேயும் பயம். ஒரு வெள்ளைத்தாள் போதும். தாயின் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, தேதி, மணி, ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர், வண்டி எண், ஓட்டியவர் பெயர், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதி அவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். 108-ஐக் கூப்பிட்ட நேரத்தையும் ஒரு வரி குறித்துவையுங்கள். ரூ.5,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்த ரசீதாக இருந்தால்தான் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்கிறது சட்டம்; ஆட்டோ வாடகைக்கு அது தேவைப்படாது. அந்தத் தாளில் வவுச்சர் எண் போட்டு, அதே எண்ணைக் கேஷ் புத்தகத்தில் எழுதினால் முடிந்தது. அன்று இரவே எழுதுங்கள். பத்து நாள் கழித்து எழுதினால் மணி, கிலோமீட்டர் எல்லாம் கற்பனையாகிவிடும். தணிக்கைக்காரர்களுக்குக் கற்பனை ரொம்பப் பிடிக்காது!

அடுத்து பிளீச்சிங் பவுடர். வெள்ளத்துக்கும் புயலுக்கும் பிறகு வருகிற நிவாரணப் பணத்தில் நம் துறையில் முதலில் வாங்குவது இதைத்தான். பில் இருக்கும், மூட்டை வந்திருக்கும். தணிக்கைக்காரர் அதோடு விடுவாரா? பில்லைப் பார்த்துவிட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்பார். அதைப் பார்த்துவிட்டு வழங்கிய பதிவேட்டைக் கேட்பார். மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். "25 கிலோ வாங்கியது, 25 கிலோ தெளித்தது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அவர் மட்டுமல்ல, நானும் நம்ப மாட்டேன். எந்தக் கிணறு, எவ்வளவு தண்ணீர், எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 2.5 கிராம். விட்டம் 3 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் நிற்கும். அதற்கு 70 கிராம் போதும். தண்ணீர் மிகவும் அசுத்தமாக இருந்தால் கூடுதலாகப் போடுவோம். அதையும் காரணத்தோடு எழுதுவோம். இப்படி எழுதிய பதிவேடு தணிக்கைக்கு மட்டும் உதவுவதில்லை. பத்து நாள் கழித்து அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வந்தால் எந்தக் கிணறு விடுபட்டது என்று அதைப் புரட்டித்தான் கண்டுபிடிப்போம். இன்னொன்று: திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும். பணம் இருக்கிறதே என்று மார்ச் 30-ஆம் தேதி பத்து மூட்டை வாங்கி அடுக்குவது வீண் செலவு. தணிக்கையில் அதற்கும் கேள்வி வரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். ஜெனரேட்டர் ஓடத்தான் வேண்டும். டீசல் வாங்கத்தான் வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு நிறுத்தினோம், எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று மூன்று கட்டம். மருந்துப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு ஏற்கனவே இருக்கிறது. இரண்டும் பொருந்தினால் டீசல் பில்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொரோனாக் காலப் பணத்துக்கு வருகிறேன். 2020-இல் மத்திய அரசு சுகாதாரத்துக்கென ரூ.15,000 கோடி அவசர நிதி அறிவித்தது. 2021 ஜூலையில் இரண்டாவது தொகுப்பாக ரூ.23,123 கோடி, அதில் ரூ.15,000 கோடி மத்திய அரசுப் பங்கு, ரூ.8,123 கோடி மாநிலங்களின் பங்கு. இரண்டாவது தொகுப்புக்கு ஒரு காலம் குறித்தார்கள்: 2021 ஜூலை 1 முதல் 2022 மார்ச் 31 வரை. நிவாரணப் பணத்தில் இதுதான் முக்கியம். எந்தத் தலைப்பில், எந்தக் காலத்துக்குத் தந்தார்களோ அதற்குத்தான் செல்லும். அந்தப் பணத்தில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, "அதுவும் சுகாதாரம்தானே" என்று சொன்னால் எடுபடாது. ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றோடு கலந்துவிட்டால், பிறகு பிரிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். அந்தக் காலத்தில் வந்த ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் எத்தனை இடங்களில் உறை பிரிக்காமல் மூலையில் இருக்கின்றன! வாங்கியதானாலும், தர்மமாக வந்ததானாலும் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். எண் எழுதி ஒட்ட வேண்டும். இலவசமாக வந்ததுதானே என்று பதியாமல் விட்டது, காணாமல் போனால் காணவில்லை என்றுகூடத் தெரியாது.

இதெல்லாம் நம் ஊரில்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2020 மார்ச் 27-இல் ஒரு சட்டம் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் நிவாரண நிதி ஏற்படுத்தினார்கள். முதலில் 10,000 கோடி டாலர். பின்னர் கூட்டிக் கூட்டி 17,800 கோடி டாலர். முதல் தவணை ஏப்ரலில் விண்ணப்பம் கூடக் கேட்காமல் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. ஆஹா, எவ்வளவு சுலபம் என்று தோன்றும். ஆனால் 90 நாளுக்குள் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலே எல்லா நிபந்தனைகளையும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்றார்கள். ஒரு காலப்பகுதியில் 10,000 டாலருக்கு மேல் வாங்கியவர் எல்லாரும் அறிக்கை தர வேண்டியிருந்தது. ஓர் ஆண்டில் கூட்டாட்சி அரசுப் பணம் 7,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் செலவழித்தவர் அப்போது தனித் தணிக்கைக்கு உட்பட வேண்டியிருந்தது. லாபம் பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் விலக்கு இல்லை. செலவாகாத மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனிமனிதராகச் சிறு கிளினிக் நடத்தும் டாக்டரும் இந்தக் கணக்கு எழுத வேண்டியவரானார். எனக்கு அதில் ஒன்று பிடித்தது: சின்னத் தொகைக்குச் சின்னக் கணக்கு, பெரிய தொகைக்குப் பெரிய கணக்கு என்று கோடு போட்டது. நம் ஊரில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இருபது லட்சத்துக்கும் ஒரே அளவு படிவம் நிரப்பச் சொல்லி ஆளை மிரட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை.

இனி, நம் கணக்கில் அதிகம் பேர் தடுமாறும் இடம். மாவட்டத்திலிருந்து உங்களுக்குப் பணம் அனுப்பியதுமே அது செலவாகிவிட்டதாக நினைக்கிறோம். இல்லை. அது முன்பணம். நீங்கள் செலவழித்து, செலவு அறிக்கை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் செலவு. உங்கள் ஒரு தாள் வராவிட்டால் மாவட்டம் தன் கணக்கை முடிக்க முடியாது. மாவட்டம் முடிக்காவிட்டால் மாநிலம் பயன்பாட்டுச் சான்றிதழ் தர முடியாது. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தச் சான்றிதழ் போயாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த தவணை தடைபடும். எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும் வவுச்சர் கட்டினால் இன்னொரு ஊரில் பிரசவ அறைக்குப் பல்பு வராமல் போகிறது. இதே விதிகளில் வட்டியைப் பற்றியும் இருக்கிறது: மானியத்தில் சேர்ந்த வட்டி அரசாங்கத்தின் தொகுப்பு நிதிக்குத் திரும்ப வேண்டும். "வட்டிதானே, டீ வாங்கிக் குடிச்சோம்" என்பது செல்லாது.

தணிக்கை மூன்று விதமாக வரும். வருஷம் நடக்கும்போதே பார்ப்பது ஒன்று. வருஷம் முடிந்ததும் பட்டயக் கணக்காளர் பார்ப்பது ஒன்று. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் பார்ப்பது ஒன்று. முதலாவதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். பிழையைத் திருத்த நேரம் கிடைப்பது அதில்தான். திருத்தும்போது வெள்ளை மை தடவாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். தப்பு எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், சின்னக் கையெழுத்து, தேதி. கீழே இருக்கும் பழைய எண் தெரிய வேண்டும். அதுதான் உங்களுக்குக் காப்பு.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டுக் கையெழுத்து இருந்த இடங்களில், "வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. தெருவிளக்குக்கும் கோயில் திருவிழாப் பந்தலுக்கும் கேட்டவர்களும் உண்டு. எல்லாத் தலைவர்களும் அப்படி இல்லை; எத்தனையோ பேர் கைப்பணம் போட்டு நிலையத்துக்கு நாற்காலி வாங்கித் தந்திருக்கிறார்கள். ஆனால் கேட்டால் ஒரு செவிலியர் தனியாக நின்று "முடியாது" என்று சொல்வது எளிதல்ல. அதே ஊரில் வீடு வீடாகப் போக வேண்டியவர் அவர். அதனால் வாயால் மறுத்துச் சண்டை வளர்க்காதீர்கள். "குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடுவோம் அண்ணா, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டால் எனக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு" என்று சொல்லுங்கள். பாதி கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். மருத்துவ அலுவலர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அப்படி ஒரு கடிதம் வந்தால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு அந்தப் பெண்ணைத் தனியே விடாதீர்கள்.

ஆட்சேபணைக் குறிப்பு வந்தால் அழ வேண்டாம். அது குற்றப்பத்திரிகை அல்ல, ஒரு கேள்வி. சொன்ன நாளுக்குள் வவுச்சர் எண்ணையும் பக்க எண்ணையும் காட்டிப் பதில் எழுதினால் பெரும்பாலானவை முடிந்துவிடும். பதில் எழுதாமல் விட்டதுதான் பத்து வருஷம் கழித்து ஓய்வூதியக் கோப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடமாற்றம் ஆகும்போது புதிதாக வருகிறவரிடம் கேஷ் புத்தகம், பாஸ் புத்தகம், வவுச்சர் கட்டு, சொத்துப் பதிவேடு, பதில் எழுத வேண்டிய குறிப்புகள் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் மீதி ரொக்கத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுத மறக்காதீர்கள்.