கைப்பேசியும் உடல் எடையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உடல் பருமன் நகரத்துச் செல்வர்க்கே உரியது, மண்ணில் உழைப்பவரை அது அணுகாது என்று நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். அவ்வெண்ணம் இன்று பொருந்தாது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடை உடையவர்கள். 2015-16-இல் இத்தொகை முறையே 31, 28 ஆக இருந்தது. ஊர்ப்புறமும் இதற்கு விலக்கன்று.

காரணம் நம் கண்முன்னே உள்ளது. ஏற்றம் இறைத்த கிணற்றில் இன்று மின் மோட்டார் இறைக்கிறது. ஏர் சென்ற வயலில் டிராக்டர் செல்கிறது. சந்தைக்கு நடந்தவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். உழைப்பின் சுமை குறைந்தது நன்மையே. ஆனால் வட்டிலில் விழும் சோறு அதற்கேற்பக் குறையவில்லை. பலகாரமும் சர்க்கரைத் தேநீரும் கூடவே பெருகின. செலவாகாத வரவு உடலில் கொழுப்பாகத் தங்கி, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூட்டு வலிக்கும் வழி வகுக்கிறது. குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் மருத்துவச் செலவு ஒருபுறம், கவனிப்பாரற்ற நிலம் மறுபுறம்.

வரவு செலவுக் கணக்கு எழுதாத பண்ணை நட்டத்தை உணராது. உடலுக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுத நம் கைப்பேசியே போதும்.

செயலி செய்யும் பணி

எடைச் செயலி மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடும். 1 மீட்டர் 60 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோ இருந்தால் குறியீடு 25. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. இரண்டாவது, உண்பதைக் குறித்தால் அதன் கலோரியைக் காட்டும். மூன்றாவது, நடந்த அடிகளை எண்ணும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019-இல் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்னும் செயலியை வெளியிட்டது. நம் நாட்டு உணவுகளைக் கொண்டு அமைந்தது அது.

இக்கணக்கினால் மறைந்திருப்பவை வெளிப்படும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. ஒரு தேக்கரண்டி சர்க்கரை 20 கலோரி. நாளொன்றுக்கு ஐந்து முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையிட்ட தேநீர் அருந்துபவர் சர்க்கரையால் மட்டும் 200 கலோரி பெறுகிறார்.

கவனிக்க வேண்டியவை

செயலி, நாம் இடும் கணக்கையே திருப்பித் தரும். 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி; 100 கிராம் சோறு 130 கலோரியே. ஒன்றுக்கு மற்றொன்றைக் குறித்தால் கணக்கு பிழைபடும். கைப்பேசியை மோட்டார்க் கொட்டகையில் வைத்துவிட்டு வரப்பில் நடந்தால் அவ்வடிகள் எண்ணப்படா. மண்வெட்டி வேலையின் கடுமையை அது அறியாது. ஆகையால் ஒரு நாள் கணக்கைக் கண்டு மகிழவோ வருந்தவோ வேண்டா. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் எடை பார்த்துக் குறித்துவந்தால் போக்கு விளங்கும்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே நிதானமான வழி. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்தச் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் நலம் காணத் தொடங்கலாம். பத்தே நாளில் இளைக்கச் செய்வதாகக் கூறி மாவும் மாத்திரையும் விற்கும் செயலிகளைத் தவிர்த்தல் நலம். முகவரிப் பட்டியலையும் வங்கி விவரத்தையும் கேட்கும் செயலிக்கு இடந்தரலாகாது. கருவுற்ற பெண்களும், வளரும் பிள்ளைகளும், நீரிழிவு மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் கூடாது.

ஊராட்சியின் கடமை

கைப்பேசி இல்லாத வீடுகளும், ஒரே கைப்பேசியை ஆடவரே வைத்திருக்கும் வீடுகளும் நம் ஊர்களில் உள்ளன. பெண்களிடையே மிகை எடை கூடுதலாக இருக்க, கருவி அவர்கள் கையில் இல்லையெனில் பயன் யாது? மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஓர் எடைக் கருவியும் ஒரு கைப்பேசியும் இருந்தால், விரும்பும் அனைவர் கணக்கையும் தனித்தனியே, பிறர் அறியாவண்ணம் எழுதலாம். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வரும்போது அக்கணக்கைக் காட்டி ஆலோசனை பெறலாம்.

நடக்கச் சொன்னால் மட்டும் போதாது. நடக்க இடமும் வேண்டும். ஏரிக்கரையில் முள் அகற்றிய பாதை, மாலையில் எரியும் விளக்கு, பெண்கள் அச்சமின்றி நடக்கும் சூழல் ஆகியவற்றை எந்தச் செயலியும் தாராது. இவை ஊராட்சியின் கையில் உள்ளன. ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், சாலைக்கும் குடிநீருக்கும் அடுத்து இதனையும் ஒரு பொருளாக வைக்க வேண்டுகிறோம்.

எண்ணிக் காட்டுவது கருவியின் வேலை. அளவறிந்து உண்பதும் உழைப்பதும் நம் வேலை. இரண்டும் இணைந்தால் நம் ஊர்கள் நலம் பெறும் என்பதில் ஐயமில்லை.