நிலக்கரி முற்றத்தில் மழைநீர்



ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, ரயிலில் பாராதீப் துறைமுகத்திற்கு வந்து, அங்கே கப்பலேறித் தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களை அடைகிறது. வழியில் அது பலமுறை கொட்டப்படுகிறது, குவிக்கப்படுகிறது, மீண்டும் ஏற்றப்படுகிறது. இத்தகைய முற்றங்களில் மழைநீரையும் கழுவுநீரையும் கையாளும் முறை பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் அளவை உணர வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 10 ஹெக்டேர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50 லட்சம் லிட்டர். அதில் 40 லட்சம் லிட்டர் வழிந்தோடுவதாகவும், லிட்டருக்கு 1 கிராம் கரித்தூள் கலந்திருப்பதாகவும் கொள்வோம். ஒரே மழையில் 4 டன் தூள் வெளியேறிவிடும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவு. நாம் கொண்ட கணக்கு அதைப்போல் பத்து மடங்கு. இந்த நீர் பாயும் ஓடையில் மீன் பிடிப்பவருக்கும், அதன் கரையில் நெல் பயிரிடுபவருக்கும் இது வெறும் கணக்கன்று.

இதைத் தடுக்கும் வழி எளியது. தூய நீரை அழுக்கு நீரோடு சேரவிடலாகாது. முற்றத்திற்கு வெளியிலிருந்து வரும் வெள்ளத்தைச் சுற்றுக்கால்வாய் வெட்டித் திருப்பிவிட வேண்டும். கூரை நீரைத் தனிக்குழாயில் கொண்டுசெல்ல வேண்டும். கரி படிந்த தரையில் விழும் நீர் மட்டுமே படிவுத்தொட்டிக்கு வரவேண்டும். லாரிகளைக் கழுவும் நீரில் எண்ணெயும் இருக்குமாதலால், அது முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைக் கடக்க வேண்டும். தெளிந்த நீரைத் தூசியடக்கத் தெளிக்கவும், மீண்டும் வண்டி கழுவவும் பயன்படுத்தலாம்.

கரித்தூள் மணலைவிட எடை குறைந்தது, மெல்லவே படியும். மணியின் குறுக்களவு பாதியானால், படியும் வேகம் கால் பங்காகிவிடும். ஆகவே தொட்டி விரிந்ததாகவும், நீரோட்டம் அமைதியானதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் வரைபடத்தில் இருக்கும். ஆயினும் மழைக்காலத்தில் ஓடை கறுத்தே ஓடுவதைக் காண்கிறோம். காரணம் என்ன? 2 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஒன்றரை மீட்டர் வண்டல் சேர்ந்துவிட்டால், நீர் தங்கும் நேரம் கால் பங்காகக் குறைகிறது. ஓட்டத்தின் வேகம் நான்கு மடங்காகிறது. முன்பு படிந்த தூளையும் அது கிளறிக்கொண்டு போகிறது. தொட்டி இருக்கிறது, அதன் பயன் இல்லை.

தொட்டி கட்ட மூலதனச் செலவில் இடம் உண்டு. தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்கப்படாவிடில் அந்த மூலதனமும் வீணாகிறது. எனவே இரு தொட்டிகள் அமைத்து, ஒன்று இயங்கும்போது மற்றொன்றைத் தூர்வார வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இரண்டும் காலியாக இருத்தல் வேண்டும். வாரிய கரியை உலர்த்திக் குவியலிலேயே சேர்த்துவிடலாம், அதுவும் எரிபொருளே.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்களுக்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். தொட்டி உண்டா என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ஒரு நீண்ட கோலை உள்ளே விட்டு, வண்டல் எத்தனை அடி என்று அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஓடையின் நிறத்தை முடிவு செய்வது அந்த எண்ணேயாகும்.