கிரைண்டர் கல்லும் லாரி ரசீதும்

எங்க குழு மாவு அரைச்சு விக்கிற குழு. வங்கிக் கடனில் கோயம்புத்தூரிலிருந்து டில்டிங் கிரைண்டர் ஒன்று வரவழைத்தோம். லாரி ஆபீசில், "கையெழுத்து போடுங்கம்மா, அடுத்த லோடு நிக்குது" என்று அவசரப்படுத்தினார்கள். எங்கள் பிரதிநிதி அக்கா அசையவில்லை. கட்டைப் பிரிச்சுப் பார்த்தா, அடியில் இருக்கிற கல்லில் விரிசல்! அங்கேயே போட்டோ எடுத்து, லாரி ரசீதில் "கல் விரிசல்" என்று எழுதின பிறகுதான் கையெழுத்து போட்டார்.

கடைக்காரர், "லாரிக்காரனைக் கேளுங்க" என்றார். லாரி ஆபீசில், "பேக்கிங் சரியில்லை" என்றார்கள். நடுவில் தவணை தேதி வந்து நிக்குது. பணம் வாங்கினவர் கடைக்காரர், அவரைத்தான் கேட்பது என்று தீர்மான நோட்டில் எழுதினோம். பில், ரசீது நகல், போட்டோ வைத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினோம்.

"தொழிலுக்கு வாங்கினதுக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது" என்றார். பலரும் இதைக் கேட்டுத்தான் பயந்து விட்டுடுறாங்க. பிழைப்புக்காக நாமே வேலை செய்யும் சுயதொழிலுக்கு வாங்கினால் அது வணிக நோக்கத்தில் சேராது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கு. 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை என்று அவரிடமே சொன்னோம்.

புதுக் கல்லோடு மெக்கானிக் வந்தார். லாரி வாடகையில் பாதி கேட்டார்கள்; கொடுக்கவில்லை. பழைய கல்லை யாரும் எடுத்துப் போகவேயில்லை. அதில்தான் இப்போ மாவுத் துணி துவைக்கிறோம்.