சனா நகரத்து வெள்ளி வேலை

ஏமன் நாட்டு ஆண்கள் இடுப்பில் செருகும் வளைந்த குத்துவாளுக்கு ஜம்பியா என்று பெயர். அதற்கான வெள்ளி உறைகளில் மிக நேர்த்தியானவற்றைச் செய்தவர்கள் சனா நகரத்து யூதப் பத்தர்கள். அந்த வாளைச் செருகிக்கொள்ள மட்டும் யூதருக்கு உரிமை கிடையாது. 1667-ல் அவர்கள் தலைப்பாகை கட்டவும் தடை வந்தது. உடுப்பைப் பார்த்தே இன்னார் தாழ்ந்தவர் என்று அறியும்படி சட்டம் வைத்திருந்த நாட்டில், ஊரார் கழுத்திலும் கையிலும் மின்னிய நகைகள் இவர்கள் பட்டறையிலிருந்து வந்தன. முஸ்லிம் மணப்பெண்ணுக்கும் யூத மணப்பெண்ணுக்கும் வேலை செய்தது ஒரே கை.

வெள்ளி வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த தாலர் நாணயம் சுமார் 28 கிராம் எடை. அரசி இறந்தது 1780-ல். அதன் பிறகும் அதே ஆண்டைப் பொறித்து அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். செங்கடல் வணிகத்தில் புழங்கிய அந்தக் காசைத்தான் பத்தர் உருக்கினார்.

உருக்கிய வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுப்பார். இரண்டு கம்பிகளை முறுக்கித் தட்டையாக்கி, சுருள் சுருளாக வளைத்துத் தகட்டின்மேல் அடுக்குவார். பிறகு வெண்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து ஊதுவார். சூடு கொஞ்சம் கூடினால் இழை உருகிவிடும்; குறைந்தால் ஒட்டாது. இழைகளுக்கு நடுவே கடுகளவு மணிகளும் பதிந்திருக்கும். வெள்ளித் துணுக்குகளைக் கரித்தூளில் இட்டுக் காய்ச்சினால் அவை உருகும்போது தாமாகவே உருண்டுகொள்ளும். இந்த வேலைப்பாட்டில் பவ்ஸானி, பதீஹி என்ற குடும்பப் பெயர்களே பாணியின் பெயர்களாக நிலைத்தன. ஒரு தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய பட்டயம் வேண்டியதில்லை.

சனாவின் யூதப் பெண்கள் கர்கூஷ் என்ற தலையணியை அணிந்தார்கள். தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் துணிக் குல்லாய் அது. நெற்றி ஓரத்தில் வெள்ளி வேலைப்பாடு வரிசையாகத் தொங்கும். தெருவில் ஒருத்தியை யூதப் பெண் என்று காட்டியதும் அதுவே.

மணப்பெண் கோலம் வேறு உலகம். பொற்சரிகை அங்கி, முகவாய்க்குக் கீழே தொடங்கி அடுக்கடுக்காக இறங்கும் மாலைகள், முன்கை நிறைய வளை, விரல் நிறைய மோதிரம். தலையில் முத்தும் பவளமும் கோத்த உயரமான மகுடம், அதன் இருபுறமும் புதுப் பூக்கள். மகுடத்தின் பெயர் திஷ்பூக் லூலூ. இவ்வளவும் ஒரு வீட்டுச் சொத்தாக இருப்பது அரிது. மணப்பெண்ணை அலங்கரிக்கும் பெண்மணியே வாடகைக்குக் கொண்டுவருவார். ஒரே மகுடம் பல வீட்டுப் பெண்களின் தலையில் ஏறி இறங்கியது. இந்தக் கலையில் மிகவும் போற்றத்தக்கது இதுதான்: ஏழை வீட்டுப் பெண்ணும் அன்று ஒருநாள் பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக் குறையாமல் நின்றாள்.

1949, 1950-ல் சுமார் 49,000 யூதர்கள் ஏடனிலிருந்து விமானத்தில் இஸ்ரேல் போனார்கள். புறப்படுமுன் தொழிலை முஸ்லிம்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நாட்டை ஆண்ட இமாம் நிபந்தனை போட்டார். அவர்கள் போனால் நாட்டுக்கு என்ன இழப்பு என்பது அரண்மனைக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு முன்பே, 1881 முதல், ஏமன் யூதர்களில் ஒரு சாரார் எருசலேம் வரத் தொடங்கியிருந்தனர். போரிஸ் ஷாட்ஸ் 1906-ல் அங்கே நிறுவிய பெசலேல் கலைப்பள்ளியின் வெள்ளிப் பட்டறையில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஐரோப்பாவில் பயின்ற ஓவியர்கள் வரைந்து கொடுக்க, இவர்கள் செய்தார்கள். பேர் பெரும்பாலும் வரைந்தவர்களுக்கே போயிற்று. அது நியாயமில்லை. அந்தப் பள்ளியின் வெள்ளிப் பொருள்களில் கண்ணை நிறுத்துவது இழை வேலைதான். அந்த இழை சனாவில் தந்தையிடமிருந்து மகன் கற்றது.

இன்றும் இஸ்ரேலில் திருமணத்துக்கு முன் வரும் மருதாணி இரவன்று ஏமன் வழி வந்த பெண்கள் அந்த உயர்ந்த மகுடத்தைச் சூடுகிறார்கள். பெரும்பாலும் இப்போதும் வாடகைக்குத்தான்.