காற்று ஓய்ந்த பிறகு போன உயிர்கள்



2018 ஜூன் மாதம். புவெர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகர் சான் ஹுவானில், சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மக்கள் காலணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். முந்தைய ஆண்டு வீசிய மரியா புயலுக்குப் பலியானவர்களின் நினைவாக வைத்த காலணிகள் அவை. அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 64 பேர். அங்கே சேர்ந்த காலணிகளோ நூற்றுக்கணக்கில்.

கரீபியக் கடலில் இருக்கும் இந்தத் தீவு ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1898 போரில் அமெரிக்கா கைப்பற்றியது. 1917 முதல் தீவினர் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனாலும் தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதி போகிறார். சட்டம் நிறைவேறும் வேளையில் அவருக்கும் ஓட்டு இல்லை. புயலைவிட இந்த நிலைதான் தீவை அதிகம் வதைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

1899ஐப் பாருங்கள். கொடி மாறிய மறு ஆண்டே, ஆகஸ்ட் 8ஆம் தேதி, சான் சிரியாக்கோ என்ற புயல் தாக்கியது. 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் காலத்தில் தீவின் செல்வம் மலைக் காப்பி. செடிகளோடு நிழல்மரங்களும் சாய்ந்தன. புதிதாக நட்டுக் காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சிறு தோட்டக்காரர்களால் முடியவில்லை. கடலோரச் சமவெளியில் அமெரிக்க முதலாளிகளின் கரும்பு பரவியது. வேலையிழந்தவர்களில் 5,000 பேருக்கு மேல், கப்பலிலும் ரயிலிலும் மறுபடி கப்பலிலுமாக, ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். அடுத்த பெருங்கடலுக்கே போய்விட்டார்கள்!

மரியா கரையேறியது 2017 செப்டம்பர் 20 அன்று, தென்கிழக்கில் யாபுகோவா அருகே, மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில். தீவு முழுவதும் இருண்டது. மின் உற்பத்தியில் பெரும்பங்கு தென்கரையில்; மக்கள் நெருக்கமோ வடக்கில். நடுவில் மலைத்தொடர். அதைக் கடந்து வந்த கம்பிகள் அறுந்தன. மின் வாரியமோ இரண்டரை மாதம் முன்புதான் திவாலுக்கு விண்ணப்பித்திருந்தது. கடைசி வீடுகள்வரை விளக்கெரியப் பதினோரு மாதம் போல ஆயிற்று.

உயிர்கள் போனது பெரும்பாலும் அந்த மாதங்களில். இன்சுலினைக் குளிரில் வைக்க வழியில்லை. ஆக்சிஜன் கருவி ஓடவில்லை. டயாலிசிஸுக்குப் போகச் சாலை இல்லை. முதியவர்களே அதிகம் இறந்தார்கள். தீவின் அரசு கேட்டுக்கொண்டபடி ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. 2018 ஆகஸ்டில் அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தீவை விட்டே கிளம்பியிருந்தார்கள்.

கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்திருந்த நாட்களில் தீவுக்குக் காதாக இருந்தது வானொலி. வாப்பா நிலையம் தொடர்ந்து ஒலித்தது. எங்கே சாலை அடைபட்டிருக்கிறது, யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதன்வழிதான் ஊர் ஊராகப் போயிற்று.

மலையூரான அத்ஹுந்தாஸில் ஒரு கட்டடத்தில் விளக்கு எரிந்தது. அது காசா புவெப்ளோ. தாமிரச் சுரங்கத்தை எதிர்க்க 1980இல் ஊர்மக்கள் தொடங்கிய அமைப்பு. 1999 முதலே கூரையில் சூரியத் தகடு வைத்திருந்தது. கைபேசிக்கு மின்னேற்றவும் சுவாசக் கருவிகளை இயக்கவும் மக்கள் அங்கே ஓடிவந்தார்கள். ஆயிரக்கணக்கான சூரிய விளக்குகளை அமைப்பினர் வீடுவீடாகக் கொடுத்தார்கள். 2023இல் அந்த ஊர்ச் சதுக்கத்துக் கடைகள் தகடுகளாலும் மின்கலங்களாலும் தமக்கென ஒரு சிறு மின்வலையே அமைத்துக்கொண்டன.

தீவின் பெரிய மின்வலையோ 2022இல் ஃபியோனா புயலில் மறுபடி முழுவதும் விழுந்தது. 2024 டிசம்பர் 31 அன்று புயலே இல்லாமல் மறுபடியும் தீவின் பெரும்பகுதி இருண்டது. மின்வலையைச் செப்பனிட 900 கோடி டாலருக்கும் மேல் வாஷிங்டன் ஒதுக்கியிருக்கிறது. மலைதாண்டும் அதே கம்பிகளை மறுபடி நடாமல், அதில் ஒரு நல்ல பங்கை வீட்டுக் கூரைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுங்கள் என்று அத்ஹுந்தாஸ்காரர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.