கதிரையை விட்டு எழும்பட்டும் எங்கள் முதியோர்

 

நான் மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவன். நின்று நின்று எங்களுக்குக் கால் நோகுது. பனிக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் அம்மா, அப்பாவுக்கோ இருந்திருந்து கால் விறைக்குது. 'வயசு போனால் அப்பிடித்தான்' எண்டு விடலாமோ? விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு கோயில் படியும் ஏற ஏலாது.

65 வயதுக்கு மேற்பட்டோர் கிழமையில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. அதற்கு நோர்வேயின் பல கொம்யூன்களில் 'பிரிஸ்க்லிவ்ஸ்சென்ட்ரால்' உண்டு. குடும்ப வைத்தியர் துண்டு தந்தால் 12 கிழமைத் திட்டம். துண்டில்லாமல் நாங்களே போயும் கேட்கலாம். பாஷை தெரியாதெண்டு தயங்க வேண்டாம். வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறிக்க வேண்டாம்.

அடுத்தமுறை போகேக்கை, குளிசையோடு இந்தத் துண்டையும் கேட்டு வாங்குங்கோ.